செப்டம்பர் 21: அமைதி நாளால் ஒரு சண்டையாவது நின்றிருக்கிறதா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் செப்டம்பர் 21 உலக அமைதி நாளுக்காகப் பேச்சுப் போட்டி. தேடினால் ஜனவரி 1 என்கிறார்கள், அக்டோபர் 2 என்கிறார்கள். எதுதான் சரி? அப்புறம் அவளே கேட்கிறாள், "இந்த நாள் வந்து எங்கேயாவது ஒரு சண்டையாவது நின்னிருக்காப்பா?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: முதலில் தேதிக் குழப்பத்தை முடித்துவிடுவோம். மூன்றும் உண்மையான நாட்கள்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு வீட்டு விசேஷம். ஜனவரி 1 கத்தோலிக்கத் திருச்சபையின் அமைதி நாள். போப் ஆறாம் பவுல் அறிவித்து 1968 முதல் நடக்கிறது. அக்டோபர் 2 காந்தி பிறந்த நாள். இந்தியா தீர்மானம் கொண்டுவந்து, 2007இல் ஐ.நா. அதைப் பன்னாட்டு அகிம்சை நாள் ஆக்கியது. பள்ளியில் சொல்வது ஐ.நா.வின் பன்னாட்டு அமைதி நாள். அது செப்டம்பர் 21தான். போட்டிக்கு அது போதும்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். நின்றிருக்கிறது. ஒரே ஒரு நாளுக்கு, சில இடங்களில், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக நின்றிருக்கிறது. மேடைப் பேச்சைக் கேட்டு நின்றதாக எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. எப்படி நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாளை ஐ.நா.வில் முன்வைத்த நாடு கோஸ்டா ரிகா. மத்திய அமெரிக்காவில் ஒரு குட்டி நாடு, ராணுவம் கிடையாது. 1948இல் அங்கே ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. சில வாரங்கள்தான், ஆனால் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் செத்தார்கள். ஜெயித்த தரப்பின் தலைவர் ஹோசே ஃபிகரெஸ் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, தலைநகரில் இருந்த பெயாவிஸ்தா படைமுகாமுக்குப் போய், சம்மட்டியை எடுத்து மதில்சுவரில் ஓங்கிப் போட்டார். ராணுவம் கலைக்கப்பட்டது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. அடுத்த ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த முகாம் இப்போது தேசிய அருங்காட்சியகம். சுவரில் குண்டு துளைத்த தழும்புகளைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தன்னிடம் தோற்ற படையைத்தானே கலைத்தார், அதில் என்ன தியாகம் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எழுபது வருஷம் தாண்டியும் யாரும் அதைத் திரும்ப ஆரம்பிக்கவில்லையே.

1981இல் அந்த நாட்டைச் சுற்றி இருந்த நிலைமையைப் பாருங்கள். எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர். குவாதமாலாவில் உள்நாட்டுப் போர். ஒட்டியிருக்கும் நிகரகுவாவில் ஒரு புரட்சி முடிந்து அடுத்த சண்டை மூண்டுகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் கோஸ்டா ரிகா கொண்டுவந்த தீர்மானத்தை 1981 நவம்பர் 30 அன்று பொதுச்சபை ஏற்றது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் மூன்றாம் செவ்வாய், அதாவது பொதுச்சபைக் கூட்டம் தொடங்கும் நாள், அமைதி நாள் என்று முடிவாயிற்று. முதல் அமைதி நாள் 1982 செப்டம்பர் 21. அதற்கு மூன்று நாள் முன்புதான் பெய்ரூட்டில் சப்ரா, ஷத்திலா அகதி முகாம்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று முடித்திருந்தார்கள்.

1981 தீர்மானத்தைப் படித்தால் ஒன்று தெரியும். அமைதி என்ற லட்சியத்தைப் போற்றுவோம், வலுப்படுத்துவோம் என்று இருக்கும். சுடுவதை நிறுத்து என்று யாரையும் பார்த்து அதில் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரி வருவதற்கு இருபது வருஷம் ஆயிற்று.

அதுவரை என்ன செய்தார்கள்? மணி அடித்தார்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, அந்த மணிக்கு ஒரு கதை இருக்கிறது. நியூயார்க் ஐ.நா. தலைமையகத் தோட்டத்தில், சைப்ரஸ் மரத்தால் ஜப்பானியக் கோயில் பாணியில் கட்டிய ஒரு சின்ன மண்டபத்தில் தொங்குகிறது. உயரம் ஒரு மீட்டர், எடை 116 கிலோ. நம் கோயில் மணி மாதிரி உள்ளே நாக்கு கிடையாது. பக்கவாட்டில் கயிற்றில் ஒரு மரக்கட்டை தொங்கும், அதை இழுத்து விட்டால் மணியின் வயிற்றில் வந்து மோதும். 60 நாடுகளைச் சேர்ந்தவர்கள், குழந்தைகள் உட்பட, கொடுத்த நாணயங்களையும் பதக்கங்களையும் உருக்கி வார்த்தது. நாணயம் சேகரிக்கும் யோசனை சியோஜி நாககாவா என்பவருடையது. இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் இருந்த ஜப்பானியர், பிற்பாடு தன் ஊருக்கு மேயராகவும் ஆனார். மணி ஐ.நா.வுக்கு வந்தது 1954 ஜூனில். ஜப்பான் ஐ.நா.வில் உறுப்பினரானதோ 1956 டிசம்பரில். வீட்டுக்குள் விடுவதற்கு முன்பே சீர்வரிசை போய்ச் சேர்ந்துவிட்டது. 'முழுமையான உலக அமைதி நீடூழி வாழ்க' என்ற பொருளில் அதன் மேல் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அமைதி நாளையொட்டி ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தக் கட்டையை இழுத்து அடிப்பார். அப்புறம் ஒரு நிமிட மௌனம். அவ்வளவுதான் சடங்கு.

இருபது வருஷம் கழித்து அந்த வரி எப்படி வந்தது? ஜெரமி கில்லி என்று ஒரு பிரிட்டிஷ் நடிகர், பெரிய நட்சத்திரம் எல்லாம் இல்லை. அமைதிக்கென்று ஒரு நிலையான தேதியே இல்லையே என்று 1999இல் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்றாம் செவ்வாய் என்றால் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறும், யாருக்கும் மனசில் நிற்காது என்பது அவர் கட்சி. தலைவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்றார். கடைசியில் பிரிட்டனும் கோஸ்டா ரிகாவும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. இனி எப்போதும் செப்டம்பர் 21. அன்று உலகம் முழுக்கப் போர்நிறுத்தம், வன்முறை இல்லாத நாள். எல்லாத் தரப்பும் அன்று ஒரு நாள் சண்டையை நிறுத்த வேண்டும் என்ற வெளிப்படையான அழைப்பு அதில் இருந்தது.

தீர்மானம் நிறைவேறிய தேதி 2001 செப்டம்பர் 7. புதிய தேதி அடுத்த ஆண்டிலிருந்துதான் அமலுக்கு வரும். அந்த ஆண்டுக்கு மட்டும் பழைய முறைப்படி பொதுச்சபை கூடும் நாளே அமைதி நாள். பொதுச்சபை கூடுவதாக இருந்த நாள் செப்டம்பர் 11, செவ்வாய். காலையில் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் மணியடிக்கப் போக வேண்டிய நேரத்தில், அதே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி, இரண்டு விமானங்கள் கோபுரங்களில் மோதின. ஐ.நா. கட்டடத்தைக் காலி செய்தார்கள். கூட்டம் மறுநாள்தான் தொடங்கியது. உலகத்தையே மாற்றிய அந்தத் தேதி அந்த வருஷத்து அமைதி நாளாகவும் இருந்தது என்பதை இப்போது அதிகம் பேர் சொல்வதில்லை.

சரி, தேதியை நிலைப்படுத்தினால் மட்டும் சண்டை நிற்குமா? நிற்காது. ஆனால் தேதி என்பது கையில் பிடித்துக் கேட்கக்கூடிய ஒரு பொருள். 'எப்போது நிறுத்துவீர்கள்' என்று கேட்டால் எவனும் பதில் சொல்ல மாட்டான். 'இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை, இன்ன காரியத்துக்காக' என்று கேட்டால் யோசிக்கவாவது செய்வான். இது என் தத்துவம் இல்லை. இந்த முறையை 1985லேயே எல் சால்வடாரில் செய்து காட்டிவிட்டார்கள், அமைதி நாளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல்.

அங்கே அரசுப் படைக்கும் எஃப்.எம்.எல்.என். கெரில்லாக்களுக்கும் கடும் சண்டை. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபின் தலைவராக அப்போது ஜேம்ஸ் கிராண்ட் இருந்தார். அதிபர் துவார்த்தேயிடம் அவர் வைத்த வாதம் எளிமையானது. உங்கள் நாட்டில் துப்பாக்கியால் சாகும் ஆட்களைவிட, ஒரு ஊசியால், இரண்டு சொட்டு மருந்தால் தடுக்கக்கூடிய நோயில் சாகும் குழந்தைகள் அதிகம். ஊசி போட ஆள் போக வேண்டும் என்றால் சாலையில் சுடக்கூடாது. கெரில்லாக்களிடம் பேசும் வேலையைக் கத்தோலிக்கத் திருச்சபை எடுத்துக்கொண்டது. எந்தத் தரப்பும் எதிர்த் தரப்போடு உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை, நடுவில் இருப்பவரிடம் வாக்குக் கொடுத்தால் போதும். கௌரவப் பிரச்சினையே எழவில்லை. மூன்று ஞாயிறுகளைக் குறித்தார்கள்: 1985 பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 21. அந்த மூன்று நாளிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து போய்ச் சேர்ந்தது. 1992இல் போர் முடியும்வரை ஒவ்வொரு வருஷமும் இதைத் தொடர்ந்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை சண்டை தொடர்ந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று ஞாயிறு எதற்கு, ஒன்று போதாதா என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். ஒரே தவணையில் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்காது, இடைவெளி விட்டு மறுபடி கொடுக்க வேண்டும். அதனால் ஒரு தடவை வாக்குக் கொடுத்தால் போதாது. அதே வாக்கை இன்னும் இரண்டு முறை காப்பாற்ற வேண்டும். சமாதானப் பேச்சில் வராத நம்பிக்கை இப்படித் தவணை முறையில் கொஞ்சம் சேரும்.

தேதியை முன்கூட்டியே சொல்வது ஏன் முக்கியம் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தபோது போலியோ சொட்டு மருந்து முகாமுக்குப் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறேன். அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள்; தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும், உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் இளஞ்சிவப்பு மருந்துக் குப்பிகள். குப்பி மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சூடு பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே என்று செவிலியர் அக்கா எங்களைத் திட்டிக்கொண்டே இருப்பார். கொடுத்து முடித்தால் இடது கைச் சுண்டுவிரலில் மை. மாவட்டத்திலிருந்து மருந்து வந்து, முதல் நாளே ஐஸ் உறைய வைத்து, யார் எந்தத் தெரு என்று பிரித்து, இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக. குண்டு விழாத ஊரிலேயே இந்தப் பாடு. 'இன்று மத்தியானம் போர்நிறுத்தம்' என்று காலையில் அறிவித்தால் சொட்டு மருந்துக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பத்து நாள் முன்பே தேதி தெரிய வேண்டும்.

எல் சால்வடாரில் நடந்ததுபோலவே இலங்கையிலும் நடந்தது. போர் உக்கிரமாக இருந்த தொண்ணூறுகளில், 1995 முதல், போலியோ முகாம் நாட்களுக்காக அரசும் விடுதலைப் புலிகளும் சண்டையை நிறுத்த இசைந்தார்கள். யூனிசெஃப் நடுவில் நின்றது. வடக்கில் வளர்ந்த உங்கள் நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெட்டியோடு வந்த சுகாதார ஊழியர்களை அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். எவ்வளவோ பேச்சுவார்த்தை முறிந்த நாட்டில் இந்த ஓரிரு நாள் ஏற்பாடு முறியாமல் ஓடியது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இப்போது செப்டம்பர் 21க்கே வருகிறேன். இந்த நாளை நேரடியாகப் பயன்படுத்திய பெரிய உதாரணம் ஆப்கானிஸ்தான். 2007இல் கில்லியும் நடிகர் ஜூட் லாவும் அங்கே போய் எல்லாத் தரப்பையும் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் போலியோ மருந்தோடு தயாராக இருந்தன. வழக்கமாகப் போக முடியாத பகுதிகள் திறந்தன. அந்த ஆண்டு பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு மருந்து போனது. 2008இல் நேட்டோ படையும் ஆப்கான் அரசும் அமைதி நாளில் தாமாகத் தாக்குதலில் இறங்குவதில்லை என்றன, தாலிபானும் இசைந்தது. அன்று வன்முறைச் சம்பவங்கள் 70 சதவீதம் குறைந்தன என்று ஐ.நா. பாதுகாப்புத் துறையின் கணக்கைக் காட்டிச் சொல்வார்கள். உங்கள் மகள் இந்த எண்ணைப் பேச்சில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஒரு நாள் கணக்கை வைத்து ஒரு போரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. மருந்து குடித்த குழந்தைகளின் எண்ணிக்கைதான் உருப்படியான எண். அந்தக் குழந்தைக்கு அந்தச் சொட்டு மறுநாள் சண்டை தொடங்கினாலும் உள்ளேதான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டை எவ்வளவு சுலபமாகக் கெடுக்கலாம் என்பதும் பக்கத்து நாட்டில் நடந்தது. 2011இல் பாகிஸ்தானின் அபோத்தாபாத்தில் பின் லாடன் இருக்கிறாரா என்று உறுதிசெய்ய, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடுவதாக ஒரு போலி முகாமை அமெரிக்க உளவுத்துறை நடத்தியது. விஷயம் வெளியே வந்ததும் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு வடக்கு வஜிரிஸ்தானில் ஒரு தாலிபான் தளபதி போலியோ மருந்துக்கே தடை போட்டார். அந்த டிசம்பரில் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். இனி தடுப்பூசி முகாம்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் வாக்குக் கொடுத்தது. வாக்கு வந்தது, போன உயிரும் போன நம்பிக்கையும் வரவில்லை. போலியோ இன்னும் ஒழியாமல் தங்கியிருக்கும் நாடுகள் என்று இன்று சொல்வது இரண்டைத்தான்: பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்.

தேதியும் வேலையும் இல்லாத அழைப்பு என்ன ஆகும் என்பதற்கு 2020 உதாரணம். கொரோனா பரவியபோது, மார்ச் 23 அன்று, உலகம் முழுக்கப் போரை நிறுத்துங்கள் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரஸ் கேட்டார். கொலம்பியாவில், பிலிப்பைன்ஸில் சில கிளர்ச்சிக் குழுக்கள் கொஞ்ச நாள் நிறுத்தின. பாதுகாப்பு அவை அதை ஆதரித்துத் தீர்மானம் போட ஜூலை 1 ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அமெரிக்காவும் சீனாவும் மூன்று மாதம் இழுத்தார்கள்.

ஆனால் 2024இல் காசாவில் மறுபடி அதே பழைய முறை வேலை செய்தது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே ஒரு பத்து மாதக் குழந்தையின் காலைப் போலியோ முடக்கியது ஆகஸ்டில் உறுதியானது. காசாவை மூன்றாகப் பிரித்தார்கள், முதலில் நடுப்பகுதி, அப்புறம் தெற்கு, அப்புறம் வடக்கு. மருந்து கொடுக்கும் பகுதியில் தினமும் சில மணி நேரம் மட்டும் தாக்குதல் நிறுத்தம். செப்டம்பர் 1 முதல் 12 வரை ஏறக்குறைய 5.6 லட்சம் குழந்தைகள் வாயைத் திறந்து சொட்டு வாங்கி, விரலில் மையோடு போனார்கள். இரண்டாம் சுற்றில் வடக்குப் பகுதிக்குத் தேதி தள்ளிப்போயிற்று. நவம்பர் 2 அன்று காசா நகரில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ நிலையம் தாக்கப்பட்டு, குழந்தைகள் நான்கு பேர் உட்பட ஆறு பேர் காயமடைந்தார்கள். இப்படிப்பட்ட அமைதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அந்த இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிட்டது.

இனி போட்டிக்கு. முதலில், பள்ளியில் யாராவது புறா பறக்கவிடலாம் என்று சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நான் படித்த பள்ளியில் ஒரு முறை ஆறு வெள்ளைப் புறா வாங்கி வந்தார்கள். கூண்டில் வளர்ந்தவை, அவற்றில் நான்கு புறா கொடிக்கம்பத்தைத் தாண்டவில்லை. மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் பூனை மிச்சம் வைத்த இறகைப் பொறுக்கினோம். 1988 சோல் ஒலிம்பிக்கில் இதைவிட மோசம். பறக்கவிட்ட புறாக்களில் சில ஜோதிக் கொப்பரையின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டன, அப்படியே தீயை ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து, 'அமைதி என்பது யாதெனில்' என்று தொடங்க வேண்டாம். முன்னால் பேசும் எட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குவார்கள், நடுவருக்கு அதற்குள் தேநீர் நினைப்பு வந்துவிடும். மணியில் தொடங்கலாம், சம்மட்டியில் தொடங்கலாம். ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல் சால்வடார் ஒன்றை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அந்த மூன்று தேதிகளையும் தாளில் பார்க்காமல் சொல்லட்டும்: பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 21. மூன்றும் ஞாயிற்றுக்கிழமை.